மோட்டார் நின்றதும் ஆர்டுயினோ தடுமாறுகிறதா?

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து ஆசைப்படுவது, யு.எஸ்.பி. போர்ட்டில் ஓர் ஆர்டுயினோ போர்டை இணைத்து ஏதாவது செய்து பார்க்க. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் நல்ல தொடக்கம். மேஜையில் எல்லாம் சரியாக இயங்கும். மோட்டாரை இணைத்ததும் போர்டு ரீசெட் ஆகும். காலித் தொட்டியை நிரம்பிவிட்டது என்று சொல்லும். சில நேரம் போர்டு அப்படியே உறைந்துவிட, மோட்டார் நிற்காமல் ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றியபின்னும் ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். உடனே புரோகிராமைத் திருத்த உட்கார வேண்டாம். பெரும்பாலும் காரணம் மின் இரைச்சல்தான்.

முதலில் மோட்டாருக்கான மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, ரிலேயை மட்டும் பலமுறை இயக்கிப் பாருங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் கோளாறு ரிலே பக்கம். ரிலேக்குள் இருப்பது கம்பிச்சுருள். அதில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், சேர்ந்திருந்த சக்தி ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் அதிக வோல்ட்டேஜாக எழும்பும். 5 வோல்ட் ரிலேயில்கூட இது நூறு வோல்ட்டைத் தாண்டக்கூடும். சுருளின் இரு முனைகளுக்கு இடையே 1என்4007 டயோடு ஒன்றைப் பொருத்தினால் அந்தச் சக்தி அங்கேயே சுற்றி அடங்கிவிடும். டயோடின் வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஷார்ட் ஆகும். (ரெடிமேட் ரிலே போர்டுகளில் பெரும்பாலும் இந்த டயோடு இருக்கும்.)

நீங்களே ஐ.சி. வைத்துப் போர்டு செய்தால், அதன் சப்ளை, கிரவுண்ட் பின்களை ஒட்டியே '104' என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை வையுங்கள். தள்ளி வைத்தால் பலன் குறையும். ரிலேயின் கிரவுண்ட் வயரைத் தனியாக அடாப்டர் வரை கொண்டுபோங்கள்.

வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலும் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் வேறொரு தொல்லை உண்டு. தொட்டியில் உள்ள ஃப்ளோட் சுவிட்ச்சிலிருந்து வரும் வயர் நூறு அடியைத் தாண்டும். அவ்வளவு நீள வயர் ஆன்டெனா போல இரைச்சலை வாங்கும். ஆர்டுயினோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை; இதற்குப் போதாது. வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். வயருக்கு லேன் கேபிளின் முறுக்கிய ஜோடி ஒன்று போதும். மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். புரோகிராமிலும், சிக்னல் தொடர்ந்து 2 விநாடி மாறாமல் இருந்தால் மட்டும் நம்புங்கள். தண்ணீருக்கு அவசரம் இல்லை.

மோட்டாரை இணைக்கும்போது மட்டும் ரீசெட் ஆகிறதா? கான்டாக்டர் சுருளின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் தொடராக வர வேண்டும். அது 230 வோல்ட் அல்லது அதற்கும் மேல் உள்ள இடம், எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.