எழுத்துப் பழக்கமும் தன்னம்பிக்கையும்

எழுத்துப் பழக்கம் என்பது, எழுதும் மனநிலை வாய்க்கும் நாளுக்காகக் காத்திராமல், குறித்த வேளையில் சிறிதளவேனும் தொடர்ந்து எழுதிவரும் வழக்கம் ஆகும். நிறைய எழுதியவர்களின் வாழ்க்கையில் திறமையுடன் இந்த வழக்கமும் சேர்ந்தே காணப்படுகிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுபவர்களுக்கும், குடும்பத்தில் முதல் தலைமுறையாக எழுத வருபவர்களுக்கும் இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நெய்வேலியும் எழுத்தும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சுரங்கத்தையும் அனல் மின் நிலையங்களையும் சார்ந்து, எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் வளர்ந்தது. பல ஊர்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கே வேலைக்கு வந்து குடியேறினர்.

நிறுவனம் 1998 முதல் நெய்வேலி புத்தகக் கண்காட்சியை நடத்திவருகிறது. கண்காட்சியையொட்டி எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பாராட்டப்பட்டுள்ளனர். தினமணி நாளிதழுடன் இணைந்து சிறுகதைப் போட்டியும் நடத்தப்பட்டுள்ளது. பெருநகரத்துக்குப் போகாமலேயே எழுத்தாளரை நேரில் பார்க்கும் வாய்ப்பு இங்குள்ள மாணவர்களுக்குக் கிடைத்தது.

எழுதுவதற்கான பொருளும் இங்கே ஏராளம். சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த ஊர்களின் நினைவு ஒருபுறம். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்து செல்லும் தொழிலாளர் குடும்பங்களின் நினைவு மறுபுறம். ஊரும் தெருவும் மறைந்த பிறகு, அவற்றை அறிந்தவர் எழுதாவிட்டால் அந்த வாழ்க்கை எங்கும் பதிவாகாமல் போகும். எனவே இங்கு எழுத்துப் பழக்கம் தனிமனிதரின் ஆசையோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல.

பழக்கம் உருவாகும் விதம்

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், எழுத முடியாமல் தடுமாறிய 27 கல்வியாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, முடிவுகளை 1983-இல் வெளியிட்டார். முதல் குழுவினர் அவசரத் தேவை தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. இரண்டாம் குழுவினர் மனம் வரும்போது எழுதலாம். மூன்றாம் குழுவினர் குறித்த வேளையில் கட்டாயம் எழுத வேண்டும். மூன்றாம் குழுவினர் இரண்டாம் குழுவினரைவிட மூன்று மடங்குக்கும் மேல் எழுதினர். புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகம் தோன்றின. எண்ணம் தோன்றிய பின்தான் எழுத வேண்டும் என்பதில்லை, எழுத உட்கார்ந்தால் எண்ணமும் வரும் என்பதை இது காட்டியது.

பழக்கம் எத்தனை நாளில் படியும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவரது குழுவினரும் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். உணவு, உடற்பயிற்சி போன்ற அன்றாடச் செயல்கள் பழக்கமாகப் படிய நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது. எழுத்துக்கும் இது பொருந்தும். ஒரு நாள் விட்டுப்போனதைத் தோல்வியாக எண்ணி நோட்டை மூடிவைப்பதே பெரிய தடை.

ஷிப்ட் வேலையும் எழுதும் வேளையும்

தினமும் அதிகாலை எழுந்து எழுத வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. இரவு பகலாக இயங்கும் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவருக்கு இது பொருந்தாது. ஒரு வாரம் அதிகாலை அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், இன்னொரு வாரம் வேலை முடிந்து திரும்பும் நேரம். வீட்டில் உள்ளவர்களின் சமையலும் தூக்கமும்கூட அதற்கேற்ப மாறுகின்றன.

இத்தகையவர்கள் எழுத்தைக் கடிகாரத்தோடு பிணைக்காமல் அன்றாடச் செயல் ஒன்றோடு பிணைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்து குளித்துத் தேநீர் குடித்ததும் அரை மணி நேரம் எழுதுவது என்று வைத்துக்கொண்டால், எந்த ஷிப்ட் ஆனாலும் அந்த வேளை தவறாது. "இது முடிந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள், பொதுவாக "செய்ய வேண்டும்" என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளவும் சிறியதாக இருக்கலாம். நாளுக்கு 200 சொற்கள் வீதம் வாரத்தில் 5 நாட்கள் எழுதினால் 10 எழுத்து நாட்களில், அதாவது இரண்டு வாரத்தில், 2,000 சொற்கள் கொண்ட சிறுகதையின் முதல் வரைவு முடியும். 50 வாரங்களில் 50,000 சொற்கள் சேரும். அது ஒரு சிறிய நாவலின் அளவு.

தன்னம்பிக்கை

"என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். அவர் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவற்றை எழுத்துக்குப் பின்வருமாறு பொருத்திப் பார்க்கலாம்.

1. செய்து முடித்த அனுபவம்: பாதியில் நிற்கும் நாவலைவிட முடித்த ஒரு பக்கக் கதை அதிக நம்பிக்கை தரும். எனவே முடிக்கக்கூடிய சிறியவற்றில் தொடங்குவது நல்லது.

2. தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது: தம் ஊரிலிருந்து, தம் பின்னணியிலிருந்து வந்தவர் எழுதியிருப்பதை அறிந்தால் "நாமும் எழுதலாம்" என்ற எண்ணம் வரும்.

3. பிறர் தரும் ஊக்கம்: ஆசிரியர், நண்பர், வாசகர் வட்டம் சொல்லும் கருத்து. "நன்றாக இருக்கிறது" என்பதைவிட "இந்த இடம் பிடித்தது, இந்த இடம் புரியவில்லை" என்பது பயன் தரும்.

4. உடல், மன நிலை: களைப்பையும் பதற்றத்தையும் திறமைக் குறைவாக எண்ணிக்கொள்வது உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு வாக்கியம் ஓடாதது தூக்கக் குறைவால் இருக்கலாம்.

முதலில் வருவதே மிக வலுவானது என்பது பண்டூராவின் கருத்து. நம்பிக்கை வந்த பின் எழுதலாம் என்று காத்திருப்பவருக்கு அது வருவது கடினம். எழுதி முடித்தவற்றிலிருந்தே அது வளர்கிறது.

முன்னோடிகள்

கடலூரில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் தொடக்கப் பள்ளிக் கல்வியோடு நின்றவர். பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, வாசிப்பின் மூலம் தம்மை உருவாக்கிக்கொண்டு, 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது வரை உயர்ந்தார். இதே மாவட்டத்தைச் சேர்ந்த இமையம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே எழுதினார். அவரது முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 30 வயதைக் கடந்த பிறகே கதை எழுதத் தொடங்கினார். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டு 26 நூல்களில் முடித்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலோப், கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் அலுவலகம் செல்லுமுன் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் 47.

தொடங்குபவர்களுக்கு

- எழுதும் வேளையை ஓர் அன்றாடச் செயலோடு இணைத்துக்கொள்ள வேண்டும்.
- முதல் வரைவில் திருத்தம் செய்யாமல் முடித்துவிட வேண்டும். திருத்தத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.
- அன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கையைத் தேதியுடன் குறித்துவைப்பது வளர்ச்சியைக் கண்ணுக்குக் காட்டும்.
- மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு எழுந்தால், அடுத்த நாள் வெற்றுத்தாளின் முன் உட்கார நேராது.
- வீட்டு மொழியையும் வேலையிடத்துச் சொற்களையும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். சுரங்கத்தில் புழங்கும் சொல் எழுத்தில் வருவது குறையல்ல.
- போட்டியிலோ இதழிலோ கதை தேர்வாகாவிட்டால், அடுத்த கதையைத் தொடங்கிய பிறகு அதை மீண்டும் படித்துப் பார்க்கலாம்.

எதை எழுதுவது என்று தெரியாதவர்கள், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவர் நெய்வேலிக்கு வந்த முதல் நாளைப் பற்றியோ, விட்டுவந்த ஊரைப் பற்றியோ கேட்டு ஒரு பக்கம் எழுதலாம். முடிந்த முதல் பக்கமாக அது அமையும். வேறு எவரிடமும் இல்லாத ஒரு பதிவாகவும் அது இருக்கும்.