கோடையில் பட்ட அடி

தில்லிக் குளிரைத் திட்டாத தமிழரை நான் பார்த்ததில்லை. இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு, நானும் திட்டியவன்தான்.

2006 ஜனவரியில் ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குப் போகச் சாவியைத் திருப்பினால், கார் ‘டக், டக்’ என்றதோடு சரி. பக்கத்து வீட்டு சர்தார்ஜி தம் வண்டியை எடுத்து வந்தார், அம்மா பிழைத்தாள். “பாழாய்ப்போன குளிர் பேட்டரியைத் தின்னுட்டுது” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வீண்பழி என்று பிறகுதான் விளங்கிற்று.

கார் பேட்டரிக்குள் இருப்பவை ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அடிப்படைதான் இது. சூடு ஏறினால் வேதிவினை வேகமெடுக்கும். ஈயச் சட்டம் அரிப்பதும், தண்ணீர் வற்றுவதும் அப்படியே. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது தோராயக் கணக்கு. தில்லி மே, ஜூனில் வெளியே 45 டிகிரி என்றால், பானட்டுக்குள் எவ்வளவு இருக்கும்!

அப்படியானால் கோடையிலேயே அது ஏன் படுத்துக்கொள்ளவில்லை? சூட்டில் என்ஜின் ஆயில் இளகியிருக்கும். பேட்டரியும் தாராளமாக மின்சாரம் கொடுக்கும். உள்ளே உள்ள நோய் வெளியே தெரியாது. குளிரிலோ ஆயில் கெட்டிப்படும், என்ஜின் அதிக விசை கேட்கும். பேட்டரி கொடுப்பதோ குறைவு. அப்போது குட்டு உடைந்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் டிக்கியில். நம்ம ஊர்க் கார்களில் பெரும்பாலும் என்ஜினுக்குப் பக்கத்திலேயே. அதனால்தான் சில வண்டிகளில் வெப்பம் தாக்காமலிருக்க பேட்டரியைச் சுற்றி ஓர் உறை போட்டுத் தருகிறார்கள். என் வண்டியிலும் இருந்தது. முந்தின கோடையில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய மெக்கானிக், “இது எதுக்கு சார்?” என்று தூக்கிப் போட்டார். நானும் தலையாட்டினேன். தப்பு என்னுடையதும்தான்.

அன்பர்களே, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். உறையைத் தூக்கி எறிய விடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் கோடையில் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். ஆனால் அதை மட்டும் நம்பாமல் லோடு டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். தீபாவளிக்கு நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் முன்பே பேட்டரிக்கு இந்தப் பரிசோதனை முடிந்திருக்கட்டும். ஜனவரி விடியற்காலையில் எல்லார் வீட்டுப் பக்கத்திலும் ஒரு சர்தார்ஜி இருப்பார் என்று சொல்ல முடியாது.