சைனாடவுன் நடுவே மாரியம்மன்

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், இன்று சைனாடவுன் என அழைக்கப்படும் வட்டாரத்தின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. 1827ஆம் ஆண்டு மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் அது. அதைக் கட்டுவித்த நாராயண பிள்ளை, பினாங்கில் அரசு ஊழியராக இருந்தவர். 1819ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் சிங்கப்பூருக்கு வந்து, செங்கல் சூளை வைத்து, அத்தீவின் முதல் கட்டட ஒப்பந்தக்காரரானார்.

இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. அரசு முதலில் ஒதுக்கிய நிலம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. அங்கே நன்னீர் இல்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டுமே. வேறோர் இடமும் ஒத்துவராமல் போன பிறகு, 1823ல் இப்போதைய நிலம் கிடைத்தது. பிள்ளை வைத்து வழிபட்ட சின்ன அம்மன் இன்றும் மூலச் சன்னிதியில்தான் இருக்கிறாள். நோய் தீர்க்கும் தாயாக மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள், காட்டை அழித்து உருவாகிக்கொண்டிருந்த ஒரு துறைமுகத்தில் அவளுக்கே முதல் கோயில் எழுப்பியதில் வியப்பில்லை.

பின்னர் எழுந்த செங்கல் கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஐச் சேர்ந்தவை. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கைவினைஞர்களின் உழைப்பு அதில் உண்டு. 1903ல் எழுந்த முதல் கோபுரம் இப்போதுள்ளதைவிடச் சிறியது. இன்று சாலையில் வருவோரை நிறுத்திப் பார்க்கவைக்கும் கோபுரம் 1925ல் கட்டப்பட்டது. அதன் சுதைச் சிற்பங்கள் பல 1960களில் கூடுதலாகச் சேர்ந்தவை. அருகிலுள்ள பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் இக்கோயிலை ஒட்டிப் பெயர் பெற்றவை.

அந்நாளில் இது வழிபாட்டுக்கான இடம் மட்டுமல்ல. நாகப்பட்டினம் போன்ற துறைகளில் கப்பலேறி வந்து இறங்கியவர்கள், வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை இங்கே அடைக்கலம் புகுந்தார்கள். இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவுசெய்யும் அதிகாரமும் ஒரு காலத்தில் இக்கோயிலுக்கே இருந்தது. கோயிலின் வரலாற்றில் கோபுரத்தைவிடப் பெருமைக்குரிய பகுதி இதுதான்.

கோயிலுக்குச் செல்வோர் வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். பெரிய மரக்கதவுகளில் வரிசையாகச் சிறு மணிகள் தொங்குகின்றன. உள்ளே நுழையும் பக்தர்கள் அவற்றை ஒலிக்கச் செய்கிறார்கள். கைகால் கழுவி நடந்தால் நேரே அம்மன் சன்னிதி. சுற்றிலும் பிள்ளையார், முருகன், இராமர், துர்க்கை, அரவான் சன்னிதிகள். மதில்மேல் பசுக்கள் படுத்திருக்கும் சுதை உருவங்கள். தோள், முழங்கால் மறையும் உடை நல்லது. நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையோ மாலையோ செல்வதே உத்தமம். சீனர்கள் ஊதுவத்தி ஏந்தி அம்மனை வணங்குவதும் இங்கே வழக்கமான காட்சி.

திரௌபதி அம்மனுக்குத் தனிச் சன்னிதி உண்டு. தீபாவளிக்கு முன் ஐப்பசியில் நடக்கும் தீமிதித் திருவிழா அவளுக்குரியது. அதற்கு முந்தைய வாரங்களில் மகாபாரத நிகழ்வுகள் ஒவ்வொன்றாகச் சடங்குகளாக நடத்தப்படும். தீமிதி நாளன்று பக்தர்கள் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். தலைமைப் பண்டாரம் கரகத்துடன் முதலில் பூக்குழி இறங்க, விரதமிருந்த ஆண்கள் பின்தொடர்வர். குழியின் முடிவில் கால்களைக் குளிர்விக்கப் பால்குழி இருக்கும். பெண்கள் கும்பிடுதண்டம் போன்ற நேர்த்திக்கடன்களைச் செலுத்துகிறார்கள். 1840 முதல் இக்கோயிலில் தீமிதி நடந்துவருகிறது.

கோயிலிலிருந்து சில அடி தூரத்தில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826ல் நிறுவியது. ஒரே கடற்கரையிலிருந்து வந்த இரு சமூகத்தார், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே சாலையில் தத்தம் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்டார்கள். சைனாடவுனைச் சீனர் குடியிருப்பாக மட்டும் எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடுவது நல்லது.

1973ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோயிலை இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பிகளைக்கொண்டு திருப்பணி முடித்து, 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடத்தப்பட்டது.