கடலுக்குள் இறங்கிய மாளிகைகள்

இத்தாலியில் உள்ள பாயே நகரின் பழைய வீதிகளைப் பார்க்க விரும்புவோர் முக்குளிப்பு உடை அணிய வேண்டும். நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே உள்ள இந்தக் கடற்கரையில்தான் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியச் செல்வந்தர்கள் ஓய்வெடுத்தனர். ஜூலியஸ் சீசருக்கு அங்கு மாளிகை இருந்தது. பேரரசர் நீரோவும் அங்கு வந்து தங்கினார். இன்று அந்நகரின் கீழ்ப்பகுதி கடலுக்கடியில் கிடக்கிறது.

கட்டுமானப் பொறியியல் மாணவனான நான், விருப்பப் பாடமாகப் பண்டைய வரலாற்றை எடுத்தபோதுதான் பாயேயைப் பற்றி அறிந்தேன். கட்டடம் பலவீனமாக இருந்ததால் மூழ்கியிருக்கும் என்றே பலரும் நினைப்பார்கள். ஆனால், கட்டடம் உறுதியாகத்தான் இருந்தது. இறங்கியது நிலம்.

கடலின்மேல் கட்டிய செல்வம்

பாயேயின் புகழுக்குக் காரணம் அதன் வெந்நீர் ஊற்றுகள். குளிக்க வந்த செல்வந்தர்கள் அங்கேயே மாளிகை எழுப்பினர். கரையில் இடம் போதாதபோது கடலுக்குள் அடித்தளம் அமைத்து மாளிகையை நீட்டினர். பலர் கடல்நீர் வந்து போகும் மீன்குளங்களையும் அமைத்தனர். ஹொர்டென்சியஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர், தாம் வளர்த்த விலாங்கு போன்ற மீன் ஒன்று இறந்தபோது கண்ணீர் விட்டதாகச் சொல்லப்பட்டதை மூத்த பிளினி எழுதியுள்ளார்.

இந்த ஆடம்பரம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. கடலைத் தூர்த்து வீடு கட்டுவோரைக் கவிஞர் ஹொரேஸ் கண்டித்தார். தத்துவஞானி செனெக்கா, பாயேக்கு வந்த மறுநாளே கிளம்பிவிட்டதாகத் தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

தண்ணீரில் இறுகும் சாம்பல்

கடலுக்குள் அவர்களால் எப்படிக் கட்ட முடிந்தது? விடை அவர்களின் காலடியிலேயே இருந்தது. இந்த வட்டாரத்தின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடும் கற்களோடும் கலந்தால் அது தண்ணீருக்கடியிலும் இறுகும். கட்டடக்கலை வல்லுநர் விட்ரூவியஸ், பாயே பகுதியில் கிடைக்கும் இந்தத் தூளைத் தமது நூலில் விளக்கியுள்ளார். இன்றைய இஸ்ரேலில் உள்ள சிசேரியாவில் மன்னர் ஏரோது துறைமுகம் கட்டியபோது, நேப்பிள்ஸ் வளைகுடாச் சாம்பல் கப்பலில் அவ்வளவு தூரம் கொண்டு செல்லப்பட்டது.

கடல்நீர் இந்தக் கான்கிரீட்டுக்குள் ஊடுருவும்போது புதிய கனிமங்கள் உருவாகி அதை மேலும் வலுவாக்குகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். இக்காலக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளைக் கடலின் உப்பு அரித்துவிடும். ரோமானியர்களின் கான்கிரீட்டில் கம்பியே கிடையாது.

ஏறி இறங்கும் நிலம்

பாயே அமைந்திருக்கும் இடம் ஒரு மாபெரும் எரிமலைப் பள்ளம். அதன் பெயர் காம்பி ஃபிளெக்ரேய். பூமிக்கடியில் உள்ள எரிமலைக் குழம்பும் சூடான நீரும் வாயுக்களும் அழுத்தத்தைக் கூட்டும்போது நிலம் உயர்கிறது. அழுத்தம் குறையும்போது தாழ்கிறது. இது பெரும்பாலும் மிக மெதுவாக நடப்பதால் ஒரு மனிதரின் வாழ்நாளில் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இப்படித்தான் பாயேயின் கரையோர மாளிகைகள் சிறிது சிறிதாகக் கடலுக்குள் இறங்கின. பேரரசர் கிளாடியஸ் காலத்து விருந்து மண்டபம் ஒன்று சுமார் 5 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சிலைகள் சில அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

இதற்கு இன்னொரு சாட்சி அருகிலுள்ள பொட்சுவோலியில் இருக்கிறது. முசிறியில் ஏற்றப்பட்ட மிளகு உட்பட, கிழக்கு நாட்டுச் சரக்குகள் அலெக்சாண்டிரியா வழியாக ரோமுக்குச் செல்லும்போது வந்திறங்கிய துறைமுகம் அது. அங்குள்ள பழைய சந்தையின் மூன்று பளிங்குத் தூண்களில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் உள்ளன. தூண்கள் கடலுக்குள் இறங்கி மீண்டும் மேலே வந்ததற்கு அவையே ஆதாரம். புவியியல் அறிஞர் சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட தமது நூலின் முகப்புப் படமாக இந்தத் தூண்களையே வைத்தார்.

இன்றும் முடியாத கதை

வெந்நீரையும் கட்டுமானத் தூளையும் தந்த அதே எரிமலைதான் மாளிகைகளையும் கடலுக்குள் இறக்கியது. முதல் இரண்டையும் ரோமானியர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். மூன்றாவதை முன்கூட்டியே அறிய அவர்களிடம் கருவி இல்லை.

நம்மிடம் கருவிகள் உள்ளன. 1982 முதல் 1984 வரை பொட்சுவோலி ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தபோது சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டனர். 2005 முதல் நிலம் மறுபடியும் உயர்ந்து வருகிறது. 2024 மே மாதம் 4.4 அளவிலான நிலநடுக்கம் மக்களை வீதிக்கு விரட்டியது. செயற்கைக்கோள்கள் நில அசைவைத் துல்லியமாக அளக்கின்றன. ஆனாலும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டை எப்போது விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் விடை சொல்வதில்லை.

பொறியியல் வகுப்பில் கட்டடம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று கணக்கிடக் கற்கிறோம். அந்தக் கட்டடத்தைத் தாங்கும் நிலம் நூறு ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கும் என்பதையும் கேட்க வேண்டும் என்பதைப் பாயே எனக்குக் கற்றுத் தந்தது. பொறியியலோ புவியியலோ வரலாறோ, நீங்கள் எதைப் படித்தாலும் பக்கத்துத் துறையையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பாயேயின் கதையைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த மூன்றும் தேவைப்பட்டன.