பழவேற்காட்டுக் காயல்: மணலும் மீனும் பறவையும்

கொங்கு நாட்டார்க்குக் கடல் நெடுந்தொலைவில் உள்ளது. மேற்கே மலை, கிழக்கே மேட்டுநிலம் என வாழும் நமக்கு நெய்தல் நிலத்தின் நலமும் நலிவும் பெரும்பாலும் ஏட்டளவில் அறிந்தவையே. ஆயினும் துடியலூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியே மலையேறிச் சென்றால் ஆனைக்கட்டியில் ஓர் ஆய்வு நிறுவனம் நம்மை வரவேற்கிறது. 1990ஆம் ஆண்டு தோன்றிய சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையமே அது. 2023 முதல் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அங்கமாக அது இயங்கி வருகிறது. அம்மையம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய சலீம் அலி (1896–1987) மும்பையில் ஓர் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பெறும் அளவுக்கு உயர்ந்தவர். குசராத்தின் ரண் உவர்நிலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாகச் சேற்றுக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடத்தை 1945இல் நேரிற் கண்டு எழுதியவர் அவர்.

அப்பூநாரைகள் தமிழ்நாட்டில் கூடும் பெருந்துறைகளுள் ஒன்று, வடகோடிக் கடற்கரையில் உள்ள பழவேற்காட்டுக் காயல். விலங்கியலார், மீன்வள ஆய்வாளர், நிலவியலார் ஆகிய மூவகை அறிஞரும் இக்காயலைத் தத்தம் நோக்கில் ஆய்ந்துள்ளனர். மூவர் ஆய்வும் இறுதியில் ஒரே வாயிலில் வந்து நிற்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காயலும் ஊரும்

காயல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்தின் பெயரிலேயே அது நின்று நிலவுகிறது. கடலினின்று மணற்றிட்டால் பிரிக்கப்பட்டு, ஒரு வாயால் மட்டும் கடலோடு உறவு கொண்ட உவர்நீர்ப் பரப்பே காயலாகும். பழவேற்காட்டுக் காயல் இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. இதனையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்பது, விண்கலங்கள் ஏவப்படும் சிறீகரிக்கோட்டைத் தீவு. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளாங்கியாறும் இதில் நன்னீர் சேர்க்கின்றன.

காயலின் தென்முனையில் உள்ள பழவேற்காடு பழம்பெரும் துறைமுகம். 1613இல் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். இத்துறையிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்ற துணியின் நினைவாகவே மலாய் மக்கள் கைலியை இன்றும் ‘கைன் பெலிக்காட்’ என்கின்றனர். ஊர்ப்பெயரே உடைப்பெயராக மாறிய அளவிற்கு வாணிகம் செழித்த துறைமுகம் அது.

நிலவியல் கூறும் வரலாறு

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைய நிலையைக் காட்டிலும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர்ப் பனி உருகக் கடல் உயர்ந்து, சுமார் 6,000 அல்லது 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை அணுகியது. அலையும் நீரோட்டமும் கரையோரமாகக் கொண்டுவந்த மணல் நீண்ட திட்டாகப் படிந்தபோது, அதற்குப் பின்னே அடைபட்ட நீர்ப்பரப்பு காயலாயிற்று.

இதற்குச் சான்று என்னை? காயலுக்கு மேற்கே உள்நிலத்தில் காணப்படும் பழைய கடற்கரை மணல்மேடுகள் ஒரு சான்று. சேற்றினடியே புதைந்து கிடக்கும் சிப்பி அடுக்குகள் மற்றொன்று; சுண்ணாம்புக்காக மக்கள் தோண்டியெடுத்த இச்சிப்பிகளின் அகவையைக் கரிமம்–14 முறையால் கணிக்க இயலும். அடிச்சேற்றில் குழாய் இறக்கி எடுக்கும் மண்படிவில் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைக்கின்றன. கடல்நீரில் வாழ்பவை எவை, உவர்நீரில் வாழ்பவை எவை எனப் பிரித்தறிந்தால், எப்போது கடல் உட்புகுந்தது, எப்போது வாய் அடைபட்டது என்பதை அடுக்கடுக்காகப் படிக்கலாம். இவ்வகையில் காயலின் அடிச்சேறு அதன் வரலாற்று ஏடாகவே விளங்குகிறது.

மணலால் பிறந்த காயலுக்கு மணலாலேயே இடரும் நேர்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வாயைத் திறந்துவைக்கும். வெள்ளம் வடிந்தபின் கடலலை கொணரும் மணல் அதனைத் தூர்க்கும். ஆறுகள் கொணரும் வண்டலோ காயலின் ஆழத்தைக் குறைத்து வருகிறது.

மீன்வளம்

மீனவர் வலையில் விழும் வெள்ளை இறால் காயலில் வளர்ந்ததாயினும் காயலில் பிறந்ததன்று. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே உட்புகுந்து, இரை மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பின்னர் இனப்பெருக்கத்திற்காகக் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை முதலிய மீன்களும் இவ்வாறே கடலுக்கும் காயலுக்குமாக வாழ்பவை. ஆகவே முகத்துவாரம் மூடிக்கொள்ளுமாயின் வரும் வழியும் போகும் வழியும் ஒருங்கே அடைபடுகின்றன. கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்து, காயல்நீர் கடல்நீரையும் விஞ்சிக் கரிப்பதுண்டு.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக விளங்கிய பி. ஜே. சஞ்சீவராஜ் இக்காயலின் உயிரினங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். ஒரு கல்லூரி ஆசிரியர் தம் மாணவரோடு ஒரு நீர்நிலையை விடாது பின்தொடர்ந்தால் எத்துணை அறிவு சேரும் என்பதற்கு அவர் சான்றாவார்.

மீனவரிடமும் ஓர் அறிவியல் உண்டு. முகத்துவாரத்தை அடுத்த பகுதியில் எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊரார் சீட்டெடுத்தும் முறைவைத்தும் வகுத்துக்கொள்கின்றனர். ‘பாடு’ எனப்படும் இம்முறையை 1991இல் செபாஸ்டியன் மேத்யூ ஆராய்ந்து எழுத, ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது. வளமான இடம் ஒருவருக்கே உரியதாகாமல் சுழன்று வருவது இதன் சிறப்பு. எனினும் பாட்டில் பங்கில்லாத பிற மீனவர்க்கும் பங்குடையோர்க்கும் இடையே பூசல் எழுவதையும் நாம் மறைத்தல் கூடாது. ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் இருளர் மக்களும் இக்காயலை நம்பியே வாழ்கின்றனர். வளம் குறையுந்தோறும் பங்கீட்டுச் சிக்கல் பெருகுவது இயல்பேயன்றோ!

பறவைகள்

காயலின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி உள்ளான், ஆலா, வாத்து வகைகள் இங்கு வந்து கூடுகின்றன. நீண்ட காலும் வளைந்த அலகும் உடைய பூநாரை, அலகைத் தலைகீழாக நீருள் செலுத்திச் சேற்றுநீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் பாசியையும் உண்ணும். அதற்கு ஆழமற்ற நீர் வேண்டும். அந்நீரில் இரை செழிக்கத்தக்க உவர்ப்பும் வேண்டும். மிக ஆழமானால் கால் எட்டாது. முற்றிலும் வற்றினால் இரை இல்லை. எனவே, ஓராண்டு பூநாரை குறைந்தால் ‘பறவை எங்கே போயிற்று?’ எனக் கேட்பதோடு அமையாது, ‘நீர் என்ன ஆயிற்று?’ என்றும் கேட்டல் வேண்டும்.

ஒரே வாயில்

நிலவியலார் மணலை ஆய்ந்தனர். மீன்வள ஆய்வாளர் இறாலை ஆய்ந்தனர். பறவையியலார் பூநாரையை ஆய்ந்தனர். மூவரும் வந்து நிற்கும் இடம் முகத்துவாரமே. அது திறந்திருந்தால் உவர்ப்பு சமன்படும், இறால் வரும், பறவை வரும், மீனவர் வீட்டில் அடுப்பெரியும். அது மூடினால் இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளரும்.

இயற்கையோடு மனிதர் செயலும் இங்குச் சேர்ந்துகொள்கிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து சிறீகரிக்கோட்டைக்குக் காயலின் குறுக்கே செல்லும் சாலை நீரோட்டத்தைத் தடுக்கிறது. தெற்கே எண்ணூரில் 2001 முதல் இயங்கும் துறைமுகமும், அதனை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் கரையோர மணலோட்டத்தைத் தடுப்பன. ஓரிடத்தில் மணல் தேங்கினால் மற்றோரிடத்தில் கரை அரிக்கப்படுதல் இயல்பு. துறைமுகம் நாட்டிற்கு வேண்டுவதே. ஆயினும் அதன் விலையை மீனவர் மட்டும் செலுத்துவது முறையாகுமா என்பது எண்ணத்தக்கது. முகத்துவாரம் தூர்ந்தபோதெல்லாம் மீனவர் தாமே கூடி மணலை அகற்றி வந்துள்ளனர். அண்மையாண்டுகளில் இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதனை நிலையாகத் திறந்துவைக்கும் பணியைத் தமிழக அரசு மேற்கொண்டது. அதன் பயனை அளந்தறிய மூவகை அறிஞரும் மீனவரும் ஒருங்கமர்தல் வேண்டும்.

நமக்குரிய பாடம்

கடலில்லாத கொங்கு நாட்டிற்கும் இது பொருந்தும். நொய்யலாற்று நீரைப் பெறும் உக்கடம், சிங்காநல்லூர் முதலிய குளங்களுக்கும் வாய்க்கால் என்னும் வாய் உண்டு. அது அடைபட்டால் குளமும் பறவையும் மீனும் என்னாகும் என்பதற்குப் பழவேற்காடு விடை தருகிறது.

நம் மாணவர் ஒரு குளத்தைத் தேர்ந்து, திங்கள்தோறும் ஒருநாள் சென்று, நீரின் மட்டத்தையும் வந்த பறவைகளையும் பிடிபட்ட மீன்களையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வருவாராயின் அதுவே ஆய்வின் தொடக்கமாகும். வாய்க்கால் முன்னர் எவ்வழி ஓடிற்று என்பதை ஊர்ப்பெரியோரே அறிவர். அப்பெரியோர் சொல்வதும் அதே குறிப்பேட்டில் இடம்பெறட்டும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமையாகும்.