ரிச்சி தெருவில் ஒரு எடிட்டிங் சிஸ்டம்

2002 வாக்கில் வெளியூர் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் எடிட்டிங் சிஸ்டம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்தால், பேச்சு கார்டில்தான் ஆரம்பிக்கும். பினாக்கிளா, மேட்ராக்ஸா, கேனோபஸா? பென்டியம் 4, 512 எம்பி ரேம், கேபினெட் எல்லாம் அதற்கப்புறம். கார்டுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கலாம் என்று தெரிந்தும் வாங்கினார்கள். மணமகள் முகம் கரைந்து மணமகன் முகம் தோன்றும் ஒரு சாதாரண டிசால்வைக்கூட உடனுக்குடன் ஓட்டிக் காட்ட அன்றைய பிராசசர் திணறும். அந்தச் சுமையைக் கார்டு ஏற்றுக்கொண்டது.

அதற்கு முந்தைய விஎச்எஸ் காலத்தில் கம்ப்யூட்டருக்கே வேலை இல்லை. இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவதுதான் எடிட்டிங். நலங்கில் ஒரு அத்தையை விட்டுவிட்டால் அவரை நடுவில் நுழைக்க வழி கிடையாது; அந்த இடத்திலிருந்து மொத்தத்தையும் மறுபடி பதிய வேண்டும். பிரதி எடுக்க எடுக்கப் படமும் மங்கும். சினிமா 1990களிலேயே கம்ப்யூட்டரில் எடிட் செய்யும் அவிட் பக்கம் நகர்ந்துவிட்டது. தமிழில் அதற்கு 'மகாநதி'யைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்த இயந்திரத்தின் விலையை ஊர் ஸ்டுடியோக்காரர் விசாரித்துக்கூடப் பார்க்க முடியாது. அவருக்கு வழி திறந்தது மினி டிவி எனப்பட்ட சின்ன டிஜிட்டல் கேசட்டும், கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைத்த ஃபயர்வயரும்தான்.

அப்போது பெரிய தலைவலி ஹார்டு டிஸ்க். ஒரு மணி நேரக் கேசட்டைக் கேப்சர் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். 13 ஜிபி இடம் போகும். 40 ஜிபி டிஸ்கில் ஒரு கல்யாணம் ஏறினால் இரண்டாவதற்கு இடமில்லை. விண்டோஸ் 98-இல் இருந்தவருக்குக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது 18 நிமிடம் போனதும் கிளிப் துண்டாகும். விண்டோஸ் ஒரு டிஸ்கில், வீடியோ வேறொரு டிஸ்கில் என்பது எழுதாத விதி. இரண்டையும் ஒன்றிலேயே வைத்தவருக்கு, கேப்சர் ஓடும்போது விண்டோஸ் வேறெதையோ தேடப் போய் பிரேம் விழும். அது தாலி கட்டும் இடமாக இருந்தால் கேசட்டைச் சுற்றி முதலிலிருந்து. அதனால் 5400 சுழற்சி டிஸ்கா, 7200 சுழற்சி டிஸ்கா என்ற கேள்விக்கு அன்று உண்மையிலேயே மதிப்பிருந்தது.

பிறகு ரெண்டர். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள், விடியற்காலையில் எழுந்து சதவீதம் பார்ப்பார்கள். மின்வெட்டு வேறு. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாதபோது, சிஸ்டம் செலவோடு யூபிஎஸ், இன்வெர்ட்டர் செலவும் சேர்ந்தே வந்தது.

கார்டு எப்போது மறைந்தது என்று தேதி குறிக்க முடியாது. பிராசசர்கள் இரண்டு கோர், நான்கு கோர் என்று வளர்ந்தன. எடியஸ் போன்ற மென்பொருள்கள் தனிக் கார்டு இல்லாமலே ஓடத் தொடங்கின. ஆனால் கணக்கையே தலைகீழாக்கியது கேமராதான். 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2-க்குப் பிறகு, ஃபோட்டோ கேமராவே முழு எச்டி வீடியோ எடுத்து மெமரி கார்டில் எச்.264 கோப்பாகக் கொடுத்தது. பழைய கேசட்டில் ஒவ்வொரு பிரேமும் முழுசாக இருந்தது. இடம் பிடிக்கும், ஆனால் பிரித்துக் காட்டுவது சுலபம். எச்.264-இல் ஒரு பிரேம் முழுசாக இருக்கும், அடுத்து வருபவை பெரும்பாலும் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. டைம்லைனில் எங்காவது கைவைத்தால் கம்ப்யூட்டர் பின்னால் போய் முழு பிரேமைப் பிடித்து அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். டிஸ்க்கின் பாடு இப்போது பிராசசருக்கு.

இந்த மாற்றம் கடையில் கேட்கும் கேள்விகளில் இன்னும் இறங்கவில்லை.

"அண்ணே, எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் வேணும்."

"பட்ஜெட் எவ்ளோ தம்பி? ஐ5 போதுமா, ஐ7 போட்டுடலாமா?"

அண்ணன் கேட்க வேண்டியது, தம்பி என்ன கேமரா வைத்திருக்கிறான் என்பதை. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் 10 பிட் 4:2:2 என்ற தரம் இருக்கிறது. நிறம் திருத்த வசதியானது என்று பலரும் அதில் எடுக்கிறார்கள். அதையே எச்.264-க்கு அடுத்த வடிவமான எச்.265-இல் எடுத்தால் பிரிப்பதற்குச் சில்லிலேயே தனி ஏற்பாடு வேண்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸில் அது உண்டு. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே ஏஎம்டி பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4060-உம் போட்ட பளபளக்கும் கேமிங் லேப்டாப் திக்கித் திணறும் கிளிப்பை, அதைவிடக் குறைந்த விலை இன்டெல் லேப்டாப் ஓட்டிவிடும். அசெம்பிள் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 12400எஃப் என்பதுபோல் பெயர் எஃப்-இல் முடியும் இன்டெல் பிராசசர்கள் கொஞ்சம் மலிவு, ஏனென்றால் அவற்றில் அந்த உள்ளமைந்த கிராபிக்ஸே இயங்காது. கேம் விளையாடுபவருக்கு லாபம், எடிட்டருக்கு நஷ்டம். வெறும் மொபைலில் எடுத்து ரீல்ஸ் வெட்டுகிறவருக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கும் சுமாரான லேப்டாப் போதும்.

மென்பொருள் செலவு கிட்டத்தட்ட ஒழிந்தே போயிற்று. அன்று எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் எந்த சிடியிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இன்று, ஒரு காலத்தில் ஹாலிவுட் லேபுகள் போன்ற பெரிய இடங்கள் மட்டும் வைத்திருந்த டாவின்சியின் இலவசப் பதிப்பே பெரும்பாலான வேலைக்குப் போதும். விண்டோஸில் மேலே சொன்ன 4:2:2 கோப்புகளுக்கு மட்டும் 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பு வேண்டியிருக்கும். ஒரே தடவை செலவு. டாவின்சி கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தை நிறையத் தின்னும், 4கே டைம்லைனில் 4 ஜிபி கார்டு சீக்கிரம் கைவிரித்துவிடும்.

என்னைக் கேட்டால், மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே இருப்பவருக்கு 2024 கடைசியில் ₹59,900 விலையில் வந்த எம்4 மேக் மினி நல்ல பேரம். 16 ஜிபி ரேம், சத்தமில்லை, மின்சாரமும் அதிகம் இழுக்காது. குறை, 256 ஜிபி இடம்தான். வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு குறை பணம் கட்டிய பிறகுதான் உறைக்கும்: ரேமைக் கூட்ட முடியாது. பழைய சிஸ்டத்தில் ஒரு சீசன் முடிந்து கையில் காசு வந்ததும் ஒரு ரேம் துண்டு, அடுத்த சீசனில் ஒரு டிஸ்க் என்று வளர்த்தார்கள். இன்று பல மெல்லிய லேப்டாப்களிலும் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். போதாக்குறைக்கு 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டதில் ரேம் விலை எகிறியது. அசெம்பிள் செய்தால் மலிவு என்ற நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

காசே இல்லாதவருக்குப் புராக்ஸி இருக்கிறது. கனமான கிளிப்புகளுக்குச் சின்ன நகல்களை மென்பொருளே செய்து கொடுக்கும். நகலில் வெட்டி, கடைசியில் அசலில் ரெண்டர் எடுக்கலாம். நகல்கள் தயாராக இரவெல்லாம் ஆகலாம். ஆனால் பழைய லேப்டாப்பை வைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்.

வாங்கியே தீருவது என்று போகிறவர் பென் டிரைவில் தன் கேமரா கிளிப்புகள் நான்கைப் போட்டு எடுத்துப் போகட்டும். டெமோ மெஷினில் தான் பயன்படுத்தப்போகும் மென்பொருளைப் போட்டு, அவற்றை டைம்லைனில் அடுக்கி முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம், ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்.