ஆழ் நரம்பியல் வலையமைப்புவழிப் புள்ளியியல் மதிப்பீடு

ஆழ் நரம்பியல் வலையமைப்புவழிப் புள்ளியியல் மதிப்பீடு என்பது, உள்ளீட்டு மாறிகளுக்கும் அறிய விரும்பும் அளவுக்கும் இடையிலான தொடர்பை, பல அடுக்குகள் கொண்ட நரம்பியல் வலையமைப்பைத் தரவுகளால் பயிற்றுவித்து மதிப்பிடும் முறையாகும். நேரியல் தொடர்புப் போக்கில் சார்பின் வடிவம் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. இம்முறையில் அவ்வடிவமும் தரவிலிருந்தே கற்கப்படுகிறது.

மதிப்பிடப்படும் அளவு

வலையமைப்பு எதை மதிப்பிடுகிறது என்பதை இழப்புச் சார்பு தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, வீட்டு விலையை மதிப்பிடும்போது பிழையின் வர்க்கத்தைச் சிறுமமாக்கினால், அத்தகைய வீடுகளின் சராசரி விலை கிடைக்கும். பிழையின் தனி மதிப்பைச் சிறுமமாக்கினால் இடைநிலை விலை கிடைக்கும். குறைத்து மதிப்பிடுவதற்கு, மிகுத்து மதிப்பிடுவதைப் போல 9 மடங்கு தண்டம் விதித்தால், 90 விழுக்காடு வீடுகளின் விலை எதற்குள் அடங்குமோ அந்த எல்லை கிடைக்கும்.

பரிமாணச் சாபம்

மறை அடுக்கு ஒன்றே உள்ள வலையமைப்பாலும், போதிய அலகுகள் இருந்தால், தொடர்ச்சியான எந்தச் சார்பையும் வேண்டிய அளவு நெருங்க முடியும் என 1989 இல் ஜார்ஜ் சைபென்கோ நிறுவினார். ஆனால் அதற்கு எவ்வளவு தரவு தேவை என்பதை இத்தேற்றம் கூறுவதில்லை.

சார்பு இருமுறை வகையிடத்தக்கது என்பது மட்டுமே தெரிந்த நிலையில், எந்த முறையும் தாண்ட முடியாத வேக வரம்பை 1982 இல் சார்லஸ் ஸ்டோன் வரையறுத்தார். அதன்படி, சராசரி வர்க்கப் பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, மாறி ஒன்று எனில் தரவு சுமார் 18 மடங்காக வேண்டும். மாறிகள் 16 எனில் 1,00,000 மடங்காக வேண்டும். இதுவே பரிமாணச் சாபம் எனப்படுகிறது.

ஆழத்தின் பங்கு

பல சார்புகள் சிறு படிகளாகப் பிரியக்கூடியவை. 16 மாறிகள் இரண்டிரண்டாக இணைந்து, அவற்றின் விளைவுகள் மீண்டும் இரண்டிரண்டாக இணையும் அமைப்பில், ஒவ்வொரு படியும் இரு மாறிகளையே சார்ந்தது. இத்தகைய சார்புகளுக்கு, பிழை குறையும் வேகத்தை மொத்த மாறிகளின் எண்ணிக்கை அன்றி, ஒரு படியில் உள்ள மாறிகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது என 2020 இல் வெளியான ஆய்வில் யோஹன்னஸ் ஷ்மிட்-ஹீபர் காட்டினார். மடக்கைக் காரணிகளை ஒதுக்கினால், மேற்கண்ட 1,00,000 மடங்கு சுமார் 32 மடங்காகச் சுருங்குகிறது. படிகளின் அமைப்பை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதில்லை.

வரம்புகள்

இம்முடிவு, பயிற்சி இழப்பின் சிறுமத்தை ஏறத்தாழ எட்டிய வலையமைப்புக்கே பொருந்தும். நடைமுறைப் பயிற்சி அதனை எட்டும் என்ற உறுதி இல்லை. பயிற்சித் தரவின் எல்லைக்கு அப்பால் மதிப்பீடு நம்பத்தக்கதன்று. மேலும், வலையமைப்பு தரும் ஒற்றை எண்ணில் அதன் பிழை வரம்பு அடங்கியிருப்பதில்லை. எனவே மருத்துவம் போன்ற துறைகளில், பயிற்சிக்குப் பயன்படுத்தாத தரவைக் கொண்டு நம்பக இடைவெளியைத் தனியே கணிப்பது இன்றியமையாதது.